சிவப்புக் காருக்கு எந்தக் கடன்?

வங்கியில் டெபாசிட்டைக் கொழுக்க வைத்துக்கொண்டு, வெளியில் கடன் வாங்கிக் கார் எடுக்கப் போகிறாள் அக்கா. இதைக் கேட்டதிலிருந்து தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராக ஷோரூமுக்கு வந்தான்.

அக்கா ஏற்கெனவே காருக்குள் இருந்தாள். கடை நடுவில் பளபளவென்று நிறுத்தி வைத்திருந்த சின்னச் சிவப்புக் கார். ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் திருப்பி, இல்லாத லாரிக்கு வழிவிட்டு, இல்லாத சைக்கிள்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். தையல்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். அளவெடுக்கிற டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஏறுடா. பெல்ட்டைப் போடு."

"அக்கா, இது நிக்கிற வண்டி."

"நிக்கும்போதே போட்டுப் பழகிக்கோ. நான் ஓட்டும்போது உனக்கு நேரம் இருக்காது."

நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவள் அவள். முதல் மூன்று தடவையும் தப்பு தன் மேல் இல்லை, கம்பம் நட்ட இடம்தான் சரியில்லை என்பது அவள் கட்சி.

சிவப்பில் இருப்பது இது ஒன்றுதான் என்றார் சேல்ஸ்மேன். இன்னொருவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். சாயங்காலத்துக்குள் பணத்துக்கு வழி சொன்னால் அக்காவுக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. எங்களிடமே வட்டியில்லாத் தவணை இருக்கிறது மேடம் என்று ஆசை காட்டினார்.

தம்பிக்குக் கை அரித்தது. கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். சொந்தக்காரர்கள் குக்கர் வாங்கினால்கூட அவனைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவான்.

மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டான். சேல்ஸ்மேன் ஒரு தொகை சொன்னார். தவணையில் எடுத்தால் அந்தத் தள்ளுபடி உண்டா? இல்லை. "அப்ப அதுதானே சார் உங்க வட்டி? பேரை மாத்தி வெச்சிருக்கீங்க." சேல்ஸ்மேன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

அடுத்தது அக்காவுக்குப் பாடம். அடமானம் கேட்காத கடன் சுலபமாகக் கிடைக்கும், வட்டி கடிக்கும். கார்க் கடன் பரவாயில்லை, ஆனால் கட்டி முடிக்கிற வரை கார் அவர்களுடையது மாதிரி. இவளுக்கு எதற்கு இந்தத் தலைவலி? டெபாசிட்டை உடைக்கக்கூட வேண்டாம். அதன் மேலேயே கடன் எடுத்தால், கட்டுகிற வட்டி டெபாசிட்டில் வருகிற வட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட.

அக்கா காது கேட்காதவள் போலக் கண்ணாடியைத் திருப்பி முகம் பார்த்தாள்.

அந்த வங்கியில் ஃபேன் காற்று தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றாள். அங்கே நாற்காலி குத்துகிறது என்றாள். டெபாசிட்டைத் தொட்டால் அதற்கு மனசு கஷ்டப்படும் என்றாள்.

"யாருக்கு?"

"டெபாசிட்டுக்கு."

தம்பிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பணத்தைப் பூட்டி வெச்சு அழகு பாக்கறே. உன்னை மாதிரி ஆளுங்க புண்ணியத்துலதான் கடன் கம்பெனிக்காரன் மாடி மேல மாடி கட்டறான். என்னோட வீட்டுக் கடனைப் பாரு. நாலு இடத்துல கையை விரிச்சாங்க. உன்னோட வங்கியில போய் உக்காந்து பேசினேன். முதல்ல அவங்களும் இழுத்தாங்க. ஒரே வாரம், கூப்பிட்டுக் கொடுத்தாங்க. கட்டுக் கட்டா காகிதம் நீட்டினாங்க, படிக்கக்கூட இல்லை, மடமடன்னு கையெழுத்துப் போட்டேன். பேசத் தெரியணும்கா."

ஹாரன் அலறியது. ஷோரூமே திரும்பிப் பார்த்தது. உள்ளே எங்கோ தண்ணீர் டம்ளர் விழும் சத்தம் கேட்டது.

"கை பட்டுடுச்சு" என்றாள் அக்கா.

அவன் விடவில்லை. வங்கி எதிர்ச்சாரியில்தான். கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனான். ஒருத்தர் பேண்ட்டுக்கு ஜிப் வைக்கக் கொடுத்துவிட்டுக் கடையிலேயே நிற்கிறார், அவர் வெளியே போக வேண்டாமா என்று வழியெல்லாம் புலம்பினாள்.

கடன் பிரிவு அதிகாரி அம்மாள் இருவரையும் பார்த்ததும் மலர்ந்தார். என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க என்றார்.

தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அக்காவுக்கு விவரம் போதாது, நீங்களாவது சொல்லக் கூடாதா என்று அவரையும் சேர்த்துக் கண்டித்தான். டெபாசிட் மேல் கடன் எடுத்து இன்றைக்கே கார் எடுக்க வேண்டும் என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் அக்கா புருவத்தைத் தூக்கினாள், உதட்டைக் கடித்தாள், டேப்பை எடுத்து ஆட்டினாள். கண்ணில் தூசியா என்று கேட்டார் அந்த அம்மாள்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருடா. எனக்குக் கார் வேண்டாம். சிவப்பே எனக்குப் பிடிக்கலை. நடந்தே போய்க்கறேன், வா."

"சும்மா இருக்கா. கார் வேணும்னு இத்தனை வருஷமா உயிரை வாங்கினே."

அதிகாரி அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குழம்பிப் போனார்.

"அந்த டெபாசிட் மேல எப்படி சார் கடன் தர முடியும்? மேடம் அதை ஈடா எழுதிக் கொடுத்ததாலதானே உங்க வீட்டுக் கடனே பாஸாச்சு?"