நனையாத அட்டைகள்

வெள்ளம் வடிந்த சேதி கிடைத்ததும் வாத்தியார் அடித்துப் பிடித்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக்கு ஓடினார். ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அரிய பழைய அட்டைகளை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த அவருக்கு வெளியூர் மாற்றல் வந்தபோது, "கால்பந்து அட்டைகளுக்கு நானாச்சு அத்தான்" என்று பெட்டியை வலியக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவன் அவன்.

சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. மைத்துனன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். கையை நன்றாகத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான்.

"ஒண்ணுகூட நனையல, பாருங்க. தண்ணி வந்ததும் மொதல்ல இதைத்தான் தூக்கினேன்."

"உன் சாமானெல்லாம்?"

மைத்துனன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைப் பரண்ல வச்சிட்டு இறங்குறதுக்குள்ள பீரோவோட கீழ்த்தட்டு மூழ்கிடுச்சு அத்தான். அம்மா போட்டோ அதுலதான் இருந்துச்சு. நம்மகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். போகட்டும். என்னை நம்பிக் குடுத்தீங்களே, அதைக் காப்பாத்திட்டேன்."

வாத்தியார் உறைகளைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினார்.

அசல் அட்டைகள் மாற்றல் வந்த நாளிலிருந்தே வங்கி லாக்கரில் பத்திரமாக இருந்தன. இவன் கையில் அவை தப்பாது என்று நினைத்தவர், கேட்டவன் மனம் கோணக்கூடாதே என்பதற்காக, காலணாவுக்குப் பெறாத நகல்களை நிரப்பித்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்திருந்தார்.