நாலு ஜீபீ ரேம்

"நாலு ஜீபீ ரேம் வேணும்," என்றான் வரதராசா.

அதை வாங்கிக் கொடுக்க வந்திருந்த சிங்களவர் வீரக்கோன் மாத்தயா, கண்டியில் அந்தக் கணினிக் கடையை நடத்தும் மஹ்ரூபைத் திரும்பிப் பார்த்தார். மஹ்ரூப் கண்ணாடி அலுமாரியைத் திறந்து இரண்டு பச்சைத் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தான். ஒவ்வொன்றும் இரண்டு ஜீபீ.

அந்த நாளில் அது அதிக விலை. வரதராசாவின் முதல் தந்திரம் அத்தோடு போயிற்று.

கணினி அவனுக்கு வேண்டியிருந்ததுதான். பீட் போடுகிற எவனுக்குத்தான் வேண்டாம்? அறையில் இருக்கிற பழையதில் நாலு தாளத்தை அடுக்கினால் ஐந்தாவதில் திரை உறைந்து நின்றுவிடும். கல்யாண வீட்டு பாண்ட்காரர்களுக்கு அது போதும். மாத்தயா கேட்பது கல்யாணப் பாட்டு அல்ல.

யுத்தம் முடியப்போகிறது. இந்த மாதம், தவறினால் அடுத்த மாதம். முடிகிற அன்றே கண்டித் தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு வெற்றிப் பாட்டுப் போக வேண்டும். பாட்டு எழுதியாயிற்று, பாடகனும் ஆயத்தம். தாளம் மட்டும் வரதராசா போட வேண்டும்.

யுத்தம் முடியப்போகிற அந்த இடத்தில்தான், வன்னியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே, அவனுடைய அம்மா இராசமணி அகப்பட்டிருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். யாரிடம் சொல்வது? போன வருடம் பொலிஸார் அவனைப் பிடித்து அடைத்தபோது, கலகெதரவிலிருந்து கொட்டும் மழையில் ஓடிவந்து, இவன் என்னுடைய பொடியன் என்று பொறுப்பெடுத்து மீட்டவர் இந்த வீரக்கோன்தான். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவர் என்றால் மனதுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஆகவே செலவைக் காட்டி அவரைப் பயமுறுத்திவிடலாம் என்று நினைத்தான்.

சாதாரண புரொசெசர் சரிவராது என்றான். நல்லது வந்தது. தனியாக ஒரு சவுண்ட் கார்ட் வேண்டும், அதுவும் சிங்கப்பூரிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றான். மஹ்ரூப் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, ஸ்டொக் இல்லண்டு சொல்லட்டா?" என்று தமிழில் மெல்லக் கேட்டான்.

வரதராசா தலையசைப்பதற்குள் மாத்தயா அலுமாரிக்குள் விரலை நீட்டிவிட்டார். அங்கே சவுண்ட் கார்ட் ஒன்று பெட்டியோடு உட்கார்ந்திருந்தது.

கேட்கக் கேட்கக் கொடுக்கிறவரிடமிருந்து தப்புவது எப்படி? இரண்டாவது மொனிட்டரும் கேட்டுப் பார்த்தான். மாத்தயா சிரித்தார். யானை வாங்க வந்தவனுக்கு அங்குசம் பெரிய காரியமா என்கிற சிரிப்பு.

மஹ்ரூப் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி, மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தான். போட்டுக் காட்டு என்றார் மாத்தயா.

வரதராசா கதிரையில் உட்கார்ந்தான். இனி ஒரு வழிதான் மிச்சம். கேட்டவுடன் மாத்தயா காதைப் பொத்திக்கொண்டு வேண்டாமென்று எழும்ப வேண்டும். வெற்றி ஊர்வலத்தில் எவனும் ஆட முடியாத தாளமாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று அவனுக்குத் தெரியும். வன்னியில் பிறந்த எவனுக்கும் தெரியும்.

செத்தவீட்டுப் பறையைப் போட்டான்.

திரையில் கட்டம் கட்டமாக அடியை வைத்தான். அதற்குமேல் இன்னொரு பறை, அதற்குமேல் இன்னொன்று. பத்துக்கு மேல் அடுக்கியும் ஒன்றும் உறையவில்லை. அவன் கேட்டுக் கேட்டு வாங்கிய மெஷின் அல்லவா.

மாத்தயா கண்ணை மூடிக் கேட்டார். வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினான். இன்னும் கூட்டச் சொன்னார். கடை வாசலில் நின்ற முச்சக்கரவண்டிக்காரன் தோளைக் குலுக்கத் தொடங்கினான்.

மாத்தயா எழுந்து ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். "தொடாதே மகனே, இதுதான் பாட்டு," என்றார் சிங்களத்தில்.

அப்போதுதான் வரதராசாவுக்கு அது உறைத்தது. உயிரோடு இருக்கிறவருக்குப் பறை அடிக்கக் கூடாது. அடித்தால் சாவை வா என்று கூப்பிட்டது போல. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத தாய்க்கு, பெற்ற மகனே தன் கையால் பறை அடித்துவிட்டான். அதை அழிக்க வேண்டும், இப்போதே அழிக்க வேண்டும். ஏன் என்று மாத்தயா கேட்டால், என் அம்மா அங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

அதைத்தான் அவனால் சொல்ல முடியாது. வன்னியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் கேட்டபோது, ஒருவரும் இல்லை, அம்மாவும் செத்துப் பல வருடம் என்று சொன்னவன் அவன். அதை நம்பித்தான் மாத்தயா அவனுக்காகக் கையெழுத்து வைத்தார்.

தெருவில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. மாத்தயா அவனுடைய கலங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். தோளில் கையை வைத்தார்.

"உன் அம்மா இருந்திருந்தால், இன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்," என்றார்.