கோணல் கதவு

“உன் வீட்டுக் கதவுகூடக் கோணல்தானா சியோரி?” செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் கசுயே. “சட்டமெல்லாம் எப்படி நெளிஞ்சு கெடக்கு பாரு.”

“போன வாரந்தான் ஆசாரி வந்து பார்த்துட்டு நேரா இருக்குன்னார், அக்கா” என்றாள் சியோரி. உடனே ஆசாரியும் ஏமாற்றுக்காரன் ஆனான். கசுயே வீட்டுக் கதவும் இப்போதெல்லாம் கோணல்தான். அதற்கு மட்டும் நிலநடுக்கம் காரணமாம்.

கோபம் கதவின் மேல் இல்லை. ஓரகத்தி சியோரி, தன் மகள் கொனோமி பிறந்தபோது தானம் கொடுத்த தொப்புள்கொடி ரத்தம் இத்தனை வருஷம் உறைந்து கிடந்தது. இப்போது கியோத்தோ ஆராய்ச்சிக்காரர்கள் அதை எடுத்து, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய செல்லாக மாற்றிவிட்டார்கள். ஏகப்பட்ட பேர் உடம்புக்கு அது ஒத்துப்போகுமாம். மாமியார் விசேஷ நாள்போலச் சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

கசுயேவுக்கு வயிறு எரிந்தது. தன் மகனின் தொப்புள்கொடியும்தான், ஊர் வழக்கப்படி, பீரோவில், சின்ன மரப்பெட்டிக்குள், பஞ்சில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கே போனாள். அங்கிருந்த பெண் காய்ந்த கொடியைப் பார்த்து, குனிந்து வணங்கி, எங்களுக்கு வேண்டியது ரத்தம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த அவமானத்தோடுதான் நேராக இங்கே வந்திருக்கிறாள்.

சியோரி கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அக்கா, நாளைக்கு என்னோட கண் டாக்டர்கிட்ட வாங்க.”

“என்ன, உன் குடும்பத்து மேல கண்ணு வச்சிட்டேன்னு குத்திக் காட்டுறியா?”

சியோரி விடவில்லை. விழித்திரைக்கு அடியில் திசு நைந்துபோயிருக்கிறது, இப்படியே விட்டால் எதிரில் இருப்பவர் முகமே தெரியாமல் போய்விடும் என்றார் டாக்டர். தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து உருவாக்கிய செல்களை வளர்த்துக் கசுயேயின் கண்ணுக்குள் வைத்தார்கள்.

யாருடைய ரத்தம் என்று கசுயே கேட்டாள். அதைச் சொல்லக் கூடாது என்றார் டாக்டர். கொனோமியுடையதாகத்தான் இருக்கும், இதிலும் சியோரியே ஜெயித்துவிட்டாள் என்று கட்டுப் பிரிக்கும்வரை குமைந்தாள்.

குளிர்காலம் போனதும் ஒருநாள் கசுயே சியோரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. கதவை மேலிருந்து கீழாக வெகுநேரம் பார்த்தாள். சியோரி அடுத்த குத்தலுக்குத் தயாரானாள்.

“நேராத்தான் இருக்கு, சியோரி.”