வேலை முடிந்த பிறகு

லிப்ட் மெக்கானிக் முனிரத்தினத்தைக் கம்பெனி தர்மபுரியிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பியது. ஓட்டல் லிப்டைச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் அவன் கடலில் கால் நனைக்க இறங்கினான். அலை இழுத்துக்கொண்டது.

இழப்பீடு கேட்டு அவன் மனைவி மாதம்மாள் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் வழக்குப் போட்டாள். “வேலை முடிஞ்ச பிறகு கடலுக்கு எதுக்கும்மா போனாரு? கம்பெனியா போகச் சொல்லுச்சு?” என்று கம்பெனி வக்கீல் கேட்டார். முனிரத்தினம் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. அவளும்தான். உடலை வாங்கி வந்தவன் கொழுந்தன்.

அடுத்த விசாரணைக்குமுன் அவள் தனியாகக் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறினாள். கடலைத் திட்டித் தீர்க்கவேண்டும் என்றுதான் போனாள். தெருமுனை திரும்பியதும் எதிரே தண்ணீர் வானம்வரை எழுந்து நின்றது. திட்ட வந்தது மறந்துபோனது. இருட்டும்வரை அப்படியே நின்றாள்.

விசாரணையில் அவளே ஆணையரைப் பார்த்துச் சொன்னாள்: “நானும் போய்ப் பாத்துட்டு வந்தேங்கய்யா. அவ்வளவு தூரம் அனுப்பிட்டு, அதைப் பாக்காம திரும்பி வான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

வக்கீல் எழுந்தார். ஆணையர் கையமர்த்தினார்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

மாதம்மாள் இரண்டு கைகளையும் விரித்தாள். போதவில்லை. இன்னும் விரித்தாள்.