சோளக்காட்டில் ஒரு யானை

“என் வயித்தெரிச்சல் உனக்கு வெளையாட்டாப் போச்சா, ஜோதி?”

ஜெராக்ஸ் கடை வாசலில் காசிமாயன் நின்றான். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே, சேதி சொன்ன கூட்டாளி பிரபாகரனும்.

ஜோதிக்குத் திக்கென்றது. மலையடி ஊரான தேவாரத்தில் அந்தக் கடை அவளுடையது. ஆள் வராத மத்தியானங்களில் இணையத்தைப் பார்த்துப் பார்த்து, தானாகவே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. விற்கப் போவதுமில்லை. கட்டம் கட்டமாக ஒரு மலையை எழுப்பி, அதன்மேல் பனிமூட்டமாய் மஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த மலையிலிருந்து ஒரு யானை குட்டியோடு இறங்கும். சோளக்காட்டுக்குள் புகும். வெடி போட்டு விரட்ட வேண்டும்.

போன மாசம் நிஜ யானை மிதித்து நாசமாக்கியது காசிமாயனின் சோளக்காட்டை.

“ஒங்கள நெனச்சுச் செய்யலண்ணே. சங்கடமா இருந்தா இப்பவே அழிச்சிர்றேன்.”

“இரு, மொதல்ல பாக்குறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையில் மஞ்சு மெல்ல விலகியது. யானை ஆடி அசைந்து வந்தது. குட்டி அதன் வாலைப் பிடித்தபடி வந்தது.

“இந்தப் பட்டனை அமுக்குங்கண்ணே, வெடி வெடிக்கும்.”

அவன் விரல் பட்டன் மேலேயே கிடந்தது. யானை நிதானமாகத் தின்றது. காடு காலி. ஆட்டம் முடிந்தது.

“இன்னொருக்கா வையி.”

மறுபடியும் தோற்றான். அதற்கடுத்தும் தோற்றான்.

“நெசத்துலயாச்சும் வெரட்டுன. பொம்ம யானகிட்டத் தோக்குறியே மாப்ளே!” பிரபாகரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

காசிமாயன் காதில் வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோதி மவுசைக் கையில் எடுத்தாள். “அழிச்சிரவாண்ணே?”

“வேணாம் ஆத்தா. இன்னுங் கொஞ்சம் சோளம் நட்டு வையி.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“அன்னைக்கு வெடியப் போட்டதும் குட்டி அரண்டுபோயி தாய் காலுக்குள்ள பூந்துக்கிச்சு. ரெண்டும் மெரண்டு ஓடுனதுலதான் காடு மிதிபட்டுச்சு. ஒரு கருதுகூடத் தின்னல.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

“நாளைக்கு வந்தாலும் நான் வெடி போட்டுத்தான் ஆகணும், எம் பொழப்பு அப்பிடி. இங்கயாச்சும் ரெண்டும் வயிறு நெறையத் தின்னுட்டு மலையேறட்டுமே!”