வாசல்வரை வந்த வாசனை

மாலையில் வீட்டாருக்கு எந்தச் சாப்பாடு ஆறுதலாக இருக்கும் என்பதை ஸ்லோ குக்கர் காலையிலேயே முடிவு செய்துவிடும். வேக எட்டு மணி நேரம் ஆகுமே. கெட்ட செய்தி வரும் நாளென்றால் குழைந்த பாசிப்பருப்புக் கஞ்சி. இதுவரை அது தவறியதில்லை.

அன்று ஆரோக்கியராஜின் கழுத்துக் கட்டிக்குப் பரிசோதனை முடிவு வரும் நாள். அவர் கிளம்பிய சற்று நேரத்தில் குக்கரிலிருந்து கஞ்சி வாசனை எழுந்தது. மனைவி ஸ்டெல்லா அதை அப்படியே கொட்டிவிட்டு, தன் கையால் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள்.

மாலையில் அவர் வாசலிலேயே மூச்சை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"ரிசல்ட் கவரை இன்னும் பிரிக்கல ஸ்டெல்லா. இனி எதுக்கு? அதான் குக்கரே சொல்லிருச்சே!"

பிரிக்காத கவரை மேசையில் வைத்து, குழம்போடு வந்தவளிடம், "சட்டி சுடும், இதுமேல வை" என்றார்.