ஏந்துகிறவள்

எங்கள் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை ஏந்துகிறவள் ஞானத்தாய்தான். பெற்றவள் சற்றுத் தள்ளி நிற்பாள். இதை வைத்துப் பங்குச்சாமி எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். "பிளேவியா தாயா நிக்கட்டும். நீ ஞானத்தாயா நில்லும்மா. பிள்ளை உன் கையிலதான் இருக்கும், ஊர் வாயும் அடையும்." தாயாக இருப்பவள் ஞானத்தாயாக நிற்க முடியாது என்பது திருச்சபைச் சட்டம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் என் கைகள் சம்மதித்துவிட்டிருந்தன. பிளேவியா பெற்று, நாங்கள் இருவரும் வளர்க்கும் மகளை ஊர் பார்க்க ஏந்த அவை என்னைக் கேட்காமலே ஆசைப்பட்டன.

தண்ணீர்த் தொட்டியருகே வந்ததும் சாமி, "ஞானத்தாய் யாரு?" என்று கேட்டார். நான் அசையவில்லை.

"உன்னத்தாம்மா."

"நான் அவளுக்கு அம்மா, சாமி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அப்ப ஏந்தப்போறது யாரு? அந்தத் தூணா?" என்றார் சாமி.

பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் நின்றது. அதை வாசித்துக்கொண்டிருந்த டெல்பின் அக்கா முந்தானையைச் செருகியபடி இறங்கி வந்து, பிளேவியாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மாமார் ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்கடி."

நின்றோம். வெறுமையான என் கைகளை மறைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. சிப்பியில் தண்ணீரை அள்ளிய சாமி, ஊற்றாமல் எங்களையே பார்த்தார். நாங்களும் அவரையே பார்த்தோம்.

"பிள்ளைக்கு உச்சி வேர்க்குது சாமி," என்றாள் டெல்பின் அக்கா. "ஊத்துங்க."